ஒரே கணினியால் சர்வரை முடக்க முடியுமா?

கேள்வி: ஒரேயொரு மடிக்கணினியால், இணையதளங்களை வழங்கும் அப்பாச்சி சர்வரை முடக்கிவிடலாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். 2009 ஜூனில் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ராபர்ட் ஹான்சன் வெளியிட்ட, பெர்ல் மொழியில் எழுதிய ஸ்லோலோரிஸ் என்ற சிறிய நிரல் அதைச் செய்துகாட்டியது. (தேவாங்கு இனத்தைச் சேர்ந்த, மெல்ல நகரும் விலங்கின் பெயர் அது, பொருத்தமான பெயர்தான்.) பிரவுசர் அனுப்பும் கோரிக்கையின் தொடக்கத்தில் உள்ள தலைப்பு வரிகள் (ஹெடர்) ஒரு வெற்று வரியோடு முடிய வேண்டும், அது வரும்வரை சர்வர் காத்திருக்கும். ஸ்லோலோரிஸ் நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறந்து, அவ்வப்போது ‘எக்ஸ்-ஏ: பி’ என்ற பொருளற்ற வரியை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்குமே தவிர, அந்த வெற்று வரியை அனுப்பவே அனுப்பாது. ஓர் இணைப்புக்கு ஒரு பிராசஸ் அல்லது திரெட் (வேலையைச் செய்யும் நிரலோட்டம்) என ஒதுக்கும் அப்பாச்சியில் அத்தனை இடமும் நிரம்பிவிட, உண்மையான வாசகர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். கோரிக்கை முடிந்த பிறகே சர்வரின் பதிவேடான லாகில் பதிவாகும் என்பதால், தாக்குதல் நடக்கும்போது லாக் வெறிச்சோடிக் கிடக்கும். சிபியூவும் சும்மா இருக்கும். நிர்வாகியைக் குழப்புவது இதுதான்.

இதைத் தடுக்க அப்பாச்சி 2.2.15 பதிப்பில் சேர்க்கப்பட்ட மாட்_ரெக்டைம்அவுட் என்ற துணைநிரல், தலைப்பு வந்துசேரக் காலக்கெடு விதிக்கிறது. ஒரு பிராசஸே ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்கும் என்ஜின்எக்ஸ் என்ற வேறொரு வெப் சர்வர் இந்தப் பொறியில் எளிதில் சிக்குவதில்லை.