டெஸ்க்டாப் மென்பொருள் வடிவமைப்புக்குத் திரை அளவுகோல் தேவையா?

திரை வடிவமைக்கும் செயலியான ஃபிக்மாவிலேயே இடைவெளி தெரியும்போது, திரையில் பிக்சல் அளக்கும் கருவியான திரை அளவுகோல் தனியாக எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வலைத்தளம் மட்டும் வடிவமைப்பவர் என்றால் தேவையே இல்லை. குரோம் உலாவியில் வலது சொடுக்கி 'இன்ஸ்பெக்ட்' போட்டால் எல்லா அளவையும் அதுவே கொட்டிவிடும்.

என் பிழைப்பு வேறு. பெங்களூரு கோரமங்களாவில் உட்கார்ந்து, கடைகளுக்கான பில்லிங் மென்பொருளுக்குத் திரை வரைகிறேன். விண்டோஸில் நிறுவி ஓட்டுவது. நிரலாளர் கட்டிக் கொடுத்த திரையில் ஏதோ இடிக்கிறது என்று கண் சொல்லிவிடும். எத்தனை பிக்சல் என்று சொல்லாது. அதற்குத்தான் அளவுகோல்.

நான் வைத்திருப்பது, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் துணைக்கருவித் தொகுப்பான பவர்டாய்ஸில் வரும் ஸ்கிரீன் ரூலர். இலவசம், 2022-இல் சேர்த்தார்கள். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், எம் நான்கையும் சேர்த்து அழுத்தினால் திரையின் மேலே சிறு பட்டை வரும். கட்டம் இழுத்து அளக்கலாம். அல்லது சுட்டியை ஓரிடத்தில் வைத்தால், அங்கிருந்து நாலாபக்கமும் நிறம் மாறும் இடம்வரை ஓடி அளந்து சொல்லும். இரண்டாவதுதான் எனக்கு அன்றாடம் கை கொடுப்பது. எழுத்தின் ஓரத்தில் கசியும் வண்ணப் பூச்சால் கோடு சீக்கிரமே நின்றுவிட்டால், சுட்டியின் சக்கரத்தை மேல்நோக்கி உருட்டுங்கள். சிறிய நிற வேறுபாடுகளைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும்.

ஆனால் வந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு நிரலாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். எங்கள் அணியில் ஓசூர்க்காரத் தம்பி ஒருவர் இருக்கிறார். "அண்ணா, நீங்கள் கேட்டது 16, நான் வைத்ததும் 16" என்பார். சோதனை செய்பவர் தன் மடிக்கணினியில் அளந்து 20 என்பார். இன்னொருவர் 24 என்பார். மூவர் சொல்வதும் உண்மைதான். விண்டோஸில் எழுத்தையும் பொத்தானையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்புக்கு ஸ்கேல் என்று பெயர். முதல் திரை 100 சதவீத ஸ்கேலில் இருக்கிறது, அடுத்தது 125, மற்றது 150. அளவுகோல் திரையில் உள்ள பிக்சல்களை எண்ணுகிறது. வடிவமைப்பில் போட்ட எண்ணை அது அறியாது. 20-ஐ 1.25-ஆல் வகுத்தால் 16, வழக்கு முடிந்தது.

இதிலேயே இன்னொரு சங்கதி இருக்கிறது. இடைவெளியை 4-இன் மடங்காக வையுங்கள். 4 பிக்சல் 125 சதவீதத்தில் 5, 150-இல் 6, 175-இல் 7 என்று முழு எண்ணாகவே வரும். 15 என்று வைத்தால் 125-இல் 18.75 ஆகும், ஓரிடத்தில் 18, ஓரிடத்தில் 19 என்று இழுபறியாகிவிடும். அந்த ஒரு பிக்சலைத் துரத்திக்கொண்டு பாதி நாள் போய்விடும்.

தமிழ் எழுத்து வரும் திரையில் கூடுதல் கவனம் வேண்டும். 'பொருள்' என்பதில் புள்ளி மேலே ஏறுகிறது, ரு கீழே இறங்குகிறது. 'கடை' மேலேயும் ஏறாது, கீழேயும் இறங்காது. இரண்டையும் ஒரே உயரப் பெட்டியில் வைத்தாலும், அளவுகோல் புள்ளியில் முட்டி நின்று வேறு வேறு இடைவெளி காட்டும். அதை நம்பிப் பெட்டியை நகர்த்தினால் வரிசையே கோணலாகிவிடும். ட, ப போன்ற எழுத்துகளின் அடிக்கோடு தட்டையானது. ஒரு வரியின் ட அடியிலிருந்து அடுத்த வரியின் ப அடிவரை கட்டம் இழுத்து அளந்தால் சரியான வரி இடைவெளி கிடைக்கும். ஆங்கிலத்துக்கு மட்டும் வரைந்து பழகியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

அச்சு வேலைக்கு இதை நம்ப வேண்டாம். பெங்களூரு சிக்பேட்டையில் அச்சுக்குக் கொடுக்கும் அழைப்பிதழின் மில்லிமீட்டரைத் திரையில் அளப்பது வீண்வேலை. திரை காட்டும் சென்டிமீட்டர் நிஜமானதா என்று பார்க்க வேண்டுமென்றால், வங்கி அட்டையை மேலே வைத்துப் பாருங்கள். அதன் நீளம் 85.60 மி.மீ., அகலம் 53.98 மி.மீ.

மேக் என்றால் கமாண்ட், ஷிஃப்ட், 4 அழுத்தி இழுங்கள். சுட்டியின் பக்கத்திலேயே அளவு ஓடும். அவசரத்துக்கு அது போதும்.

வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அளக்கவே அளக்காதீர்கள். படம் சுருங்கி வந்திருக்கும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புபவரின் திரை ஸ்கேல் எத்தனை சதவீதம் என்றும் கையோடு கேட்டுவிடுங்கள்.