பம்ப் (இன்ஹேலர்) அடித்த ஐந்து நிமிடத்தில் ஆஸ்துமா இழுப்பு விடுகிறதே, அது எப்படி? தினமும் அடித்தால் பழகிவிடுமா?

நான் டொக்டர் இல்லை. இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவன், அதோடு இழுப்புக்கார அம்மாவுக்கு மகன்.

இழுப்பு என்றால் மூச்சு உள்ளே போகவில்லை என்றுதான் நினைக்கிறோம், உண்மையில் வெளியே விடுவதில்தான் பெரிய சிக்கல். நுரையீரலின் சின்னக் குழாய்களைச் சுற்றித் தசை இருக்கிறது, பனியோ லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அடுப்புப் புகையோ தேயிலைத் தூசியோ சீண்டினால் அது இறுகிக்கொள்ளும். மூச்சு விடும்போது குழாய் இன்னும் ஒடுங்குவதால் பழைய காற்று உள்ளேயே தேங்கிவிடும். அம்மா ராத்திரியில் முழங்காலில் கையூன்றிக் குனிந்து உட்கார்ந்திருப்பார், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் அடுத்த காம்பரா வரை கேட்கும்.

நீல பம்பில் இருப்பது சல்பூட்டமோல், 1969இல் விற்பனைக்கு வந்த மருந்து. அந்தத் தசையில் பீட்டா-2 என்ற ஏற்பிகள், அதாவது மருந்து போய் ஒட்டுகிற இடங்கள், இருக்கின்றன, நாம் பயந்து ஓடும்போது சுரக்கிற அட்ரினலினும் அவற்றைத்தான் போய்ப் பிடிக்கும். மருந்து அதில் ஒட்டியதும் தசைக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருள் கூடி, கல்சியம் குறைகிறது. கல்சியம் குறைந்தால் தசையால் இறுகி நிற்க முடியாது, தளர்ந்துவிடும், குழாய் விரியும். வேலை நாலு முதல் ஆறு மணித்தியாலம் நிற்கும்.

"பம்ப் கடும் மருந்து, மாத்திரைதான் சாது" என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. கணக்கு நேர் எதிர். பம்பில் ஒரு அடிக்கு 100 மைக்ரோகிராம், மாத்திரையில் 4 மில்லிகிராம், அதாவது 40 மடங்கு, அதுவும் ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நெஞ்சுக்கு வரும். மாத்திரை போட்ட நாட்களில் அம்மாவுக்கு விரல் நடுங்கும். கொழுந்து பறிக்கிற கைக்கு அது எவ்வளவு தொல்லை, யோசித்துப் பாருங்கள்.

சிலருக்கு தியோபிலின் மாத்திரையும் எழுதுவார்கள். 1888இல் அல்பிரெக்ட் கோசெல் என்ற ஜெர்மன்காரர் அதைத் தேயிலையில் இருந்துதான் பிரித்தெடுத்தார். அம்மாவிடம் சொன்னேன், "அப்போ இவ்வளவு நாளும் மருந்தையா பறிச்சேன்?" என்று சிரித்தார். அதற்காக பம்பை விட்டுவிட்டு சாயத்தண்ணி குடிக்காதீர்கள், அதில் இருப்பது துளியிலும் துளி.

சரி, பழகுமா? போதை மாதிரிப் பழகாது. ஆனால் நீல பம்ப் தசையைத்தான் தளர்த்தும், குழாய்க்குள் இருக்கிற வீக்கத்தைத் தொடாது. அதை மட்டும் தினம் அடித்து வந்தால் ஏற்பிகளும் மெல்ல மசியாமல் போகும். வீக்கத்துக்கு ஸ்டீரோய்ட் உள்ள பிரவுன் பம்ப் வேண்டும். "அடிச்சா ஒண்ணுமே தெரியல தம்பி" என்று அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள்! தெரியாதுதான், அது நாள்கணக்கில், வாரக்கணக்கில் வேலை செய்கிற மருந்து. நீலத்தை மட்டும் வைத்துச் சமாளிப்பதை ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டியே 2019இல் பெரியவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் நீலம் தேவைப்பட்டால் கிளினிக்கில் போய்ச் சொல்லுங்கள்.

அப்புறம், பம்ப் அடித்தும் ஒரு வசனத்தை முழுசாகப் பேச முடியவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசமாக வரும், தோட்டத்துப் பாதையில் அது ஏறி வரும்வரை ஸ்பேசர் (பம்பில் மாட்டுகிற பிளாஸ்டிக் குடுவை) வைத்து நீல பம்பை விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருங்கள்.