அலமாரிக்குள் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு, ரொம்ப நாள் ஆசையாக இருந்த ஒரு கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபையரை வாங்கிவிட்டேன். ஜப்பான் தயாரிப்பு, செகண்ட் ஹேண்ட், சேனலுக்கு 30 வாட். பாட்டே போடாவிட்டாலும் கொதிக்கிறது. அணைக்கவே கூடாது, அணைத்தால் நாதம் கெட்டுவிடும் என்கிறார் நண்பர். கூடம் அடுப்படி மாதிரி இருக்கிறது, டிவி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள் என்கிறார் மனைவி. யார் பேச்சைக் கேட்பது?

க., தெம்பனிஸ், சிங்கப்பூர்

அன்புள்ள க.,

நண்பர் பேச்சைக் கேட்க வேண்டாம். அலமாரி யோசனையும் வேண்டாம். ஆனால் உங்கள் மனைவியின் புகார் முழுக்க நியாயமானது.

கிளாஸ் ஏ கருவியில், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் டிரான்சிஸ்டர்கள் வழியாக மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும். சொல்லப்போனால் சும்மா நிற்கும்போதுதான் சூடு அதிகம். பாடும்போது அதில் ஒரு பங்கு ஸ்பீக்கருக்குப் போய்விடுகிறது. சேனலுக்கு 30 வாட் தரும் கருவி சும்மாவே 200 வாட் இழுப்பது சாதாரணம். மாதம் முழுக்க அணைக்காமல் விட்டால் 144 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் 43 வெள்ளி. அந்தச் சூட்டை விரட்ட ஏர்கான் போட்டால் அந்தச் செலவு தனி. தினம் இரண்டு மணி நேரம் கேட்டால் மாதத்துக்கு 12 யூனிட்தான், நாலு வெள்ளிகூட ஆகாது. கோல்மன் ஸ்திரீட் அடெல்ஃபி கட்டடத்து ஆடியோ கடைகளில் உட்கார்ந்து கேட்கும்போது இதெல்லாம் தெரியாது. அங்கே குளிர்சாதனம் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

பணம் போனால் போகட்டும், சூடு கருவியின் ஆயுளைத் தின்றுவிடும் என்பதுதான் என் கவலை. உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுக்கு வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்கள் கணக்கு. நம் வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடம் காத்தாடி ஓடும்போதே 30 டிகிரி. இந்த லட்சணத்தில் கதவைச் சாத்தினால், அருமையாகச் செய்த ஒரு கருவியை நாமே வேகவைப்பதாகும். திறந்த தட்டில், மேலே ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள். மேல்மூடியில் பூச்சாடி, ரிமோட், சாமி படம் எதுவும் வேண்டாம். பேரப்பிள்ளைகள் வந்தால் பக்கவாட்டுச் சூட்டுத் தகடுகளைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாதம் கெடும் என்பதில் பாதி உண்மை உண்டு. போட்டதும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் பாடும், அரை மணி நேரத்தில் இளகிவிடும். சாயங்காலம் விளக்கேற்றும்போது போட்டுவிட்டால் சாப்பிட்டு முடித்து உட்காரும்போது தயாராக இருக்கும். கேட்டு முடித்ததும் அணைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் தொடாமல் வைப்பதும் தப்பு, இந்த ஊர் ஈரப்பதம் சும்மா விடாது.

அப்புறம் பல்லி. வெதுவெதுப்புக்காக மேல்மூடித் துளை வழியே உள்ளே இறங்கும். இரண்டு மின்முனைகளை ஒரே நேரத்தில் தொட்டால் பல்லியும் போகும், அவுட்புட் டிரான்சிஸ்டரும் போகும். அணைத்துச் சூடு ஆறியபின் மெல்லிய வலைத்துணியால் மூடுங்கள். போடுமுன் எடுத்துவிட மறக்காதீர்கள்.

30 வாட் போதுமா என்று நீங்கள் கேட்கவில்லை, நண்பர் கேட்பார். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் வரும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாத சத்தத்தில் கேட்டால் நீங்கள் அந்த ஒரு வாட்டைத் தாண்டுவதே அபூர்வம். கிளாஸ் ஏ கருவியின் அழகும் அந்த முதல் வாட்டில்தான் இருக்கிறது. கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதனின் கீழ்ஸ்தாயியைச் சத்தம் குறைத்துக் கேளுங்கள். குரல் அடங்கும் இடத்தில் தம்பூரா அறுபடாமல் நிற்கும். மனைவியைக் கூப்பிட்டு நடு நாற்காலியில் உட்கார வைத்து, அவருக்குப் பிடித்ததை முதலில் போடுங்கள். வீட்டில் இருவருக்கும் சொந்தமானால்தான் அந்தக் கருவிக்குக் கூடத்தில் இடம் நிலைக்கும்.

ஒன்று மட்டும் இன்றே பாருங்கள். ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கான கருவி 100 வோல்ட்டில் ஓடும், நம் சுவரில் வருவது 230. பின்பக்கத் தகட்டில் 100 என்று இருந்தால், விற்றவர் கொடுத்த, வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் 200 வாட்டுக்கு மேல் தாராளமாகத் தாங்குகிறதா என்று கேளுங்கள். அந்த டிரான்ஸ்ஃபார்மரும் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், பெரியதாக மாற்றும்வரை ஆம்ப்ளிஃபையரைப் போடாதீர்கள்.