1 ஹெச்பி மோட்டாருக்கு ஸ்மார்ட் ரிலேவ நேரடியா மாட்டலாமா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்ல கடலோரமா வீடு, சம்ப்ல இருந்து மாடி டேங்குக்கு ஏத்துற 1 ஹெச்பி மோட்டாருக்கு 16 ஆம்ப் ஸ்மார்ட் ரிலே (போன்லயே ஆன், ஆஃப் பண்ற சுவிட்ச்) போதுமான்னு கேட்டிருக்கீங்க. நேரடியா மாட்டாதீங்க. அந்த 16 ஆம்ப் ஹீட்டர் மாதிரி லோடுக்கு, மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஓடுற கரண்ட்ட விட 5, 6 மடங்கு இழுக்கும், அதுல ரிலேக்குள்ள கரண்ட்ட சேத்துப் பிரிக்கிற கான்டாக்ட் புள்ளி ஒட்டிக்கிச்சுன்னா போன்ல ஆஃப்னு காட்டும், மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். எங்க வீட்டுல அப்படித்தான் விடிய விடிய ஓடி சம்ப் வத்திப்போய் பம்ப் சீலே போச்சு, ரிலேவப் பிரிச்சா ரெண்டு புள்ளியும் கருகி ஒட்டிக் கெடந்துச்சு. நீங்க ரிலேவால 230 வோல்ட் காயில் கான்டாக்டர (மோட்டார் மாதிரி பெரிய லோட தாங்குற சுவிட்ச்) மட்டும் இயக்குங்க, மோட்டார் லோட அது தாங்கட்டும், கரண்ட் அளவு மீறினா மோட்டார நிறுத்துற ஓவர்லோட் ரிலேவும் வைங்க. உப்புக்காத்து செம்பப் பச்சையாக்கிடும், இதெல்லாம் இருக்குற பெட்டிய வீட்டுக்குள்ள மாட்டுங்க. கரண்ட் போய் வந்தா ஆஃப்லயே நிக்குற செட்டிங் ஸ்மார்ட் ரிலேல இருக்கான்னும் பாத்து வாங்குங்க.