பாலூ தம்பிக்கு எங்கே இடம்? – கேள்வி பதில்

தடித்து, முனையெல்லாம் உருண்டு நிற்கும் 'பாலூ தம்பி' எழுத்துருவைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, டிடிபி (கணினியில் அச்சுக்கோக்கும்) வேலையிலேயே காலம் தள்ளும் எனக்குத் தெரிந்த பதில்கள்.

பேக்கரிக்கு போர்டு வைக்கப் போகிறேன் அண்ணா. இது சரிப்படுமா?

பேக்கரி, ஜூஸ் கடை, மழலையர் பள்ளி, இவற்றுக்கென்றே பிறந்த எழுத்து. இந்தியில் பாலூ என்றால் கரடி. இதுவும் அப்படித்தான், கொழுகொழுவென்று இருக்கும். (இதே பாலூ குடும்பத்தில் மலையாளத்துக்கு வந்த எழுத்துரு 'சேட்டன்', பஞ்சாபிக்கு 'பாஜி', நமக்குத் தம்பி!)

ஃப்ளெக்ஸ் என்றால் கவலையில்லை. அக்ரிலிக்கில் வெட்டி ஒட்டுவதாக இருந்தால் புள்ளிகளை எண்ணி வாங்குங்கள். 'ஸ்வீட்ஸ்' என்ற ஒரு சொல்லிலேயே மூன்று புள்ளி, மூன்றும் தனித்தனித் துண்டு. நான் செய்து கொடுத்த ஒரு போர்டில் ஒரே மழைக்காலத்தில் நடுப்புள்ளி விழுந்து 'ஸ்வீடஸ்' ஆகிவிட்டது. கடைக்காரர் ஆறு மாதம் கவனிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஒருநாள் ஏணியோடு போய் ஒட்டிவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் புள்ளிக்கும் பின்னால் திருகு வைக்கச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணப் பத்திரிகைக்குப் போடலாமா சார்?

வேண்டாம். காதுகுத்து, முதல் பிறந்தநாள் என்றால் தாராளமாக.

குழந்தைகள் கதைப் புத்தகம் முழுக்க இதிலேயே அடிக்க ஆசை.

அட்டைக்கும் கதைத் தலைப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே வேண்டாம். 'கண்ணன்' என்று எக்ஸ்ட்ரா போல்டில் (இருப்பதிலேயே தடித்த வடிவம்) 9 பாயிண்டில் அச்செடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். மூன்று சுழி ணகரமா, இரண்டு சுழி னகரமா என்று கண் தடுமாறும். சுழிக்குள் இருக்க வேண்டிய வெள்ளை அடைபட்டுப்போகும். படிக்கப் பழகும் பிள்ளைக்கு அந்த வெள்ளைதான் முக்கியம்.

முதலில் வந்தது ஒரே தடிமன். 'பாலூ தம்பி 2'இல் ரெகுலர் முதல் எக்ஸ்ட்ரா போல்டு வரை ஐந்து உண்டு. ரெகுலரை 16 பாயிண்டில் ஓரிரு வரிக்குப் போடலாம். கதைக்கு 'முக்த மலர்' எழுத்துருவை எடுங்கள். இரண்டுமே மும்பையின் 'ஏக் டைப்' எழுத்துரு நிறுவனம் செய்தவை, பக்கத்தில் வைத்தால் சண்டை போடாது.

போட்டோஷாப்பில் 'கொ' அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடுகிறது. ஃபான்ட் கோளாறா?

ஃபான்ட் மேல் தப்பில்லை. பழைய போட்டோஷாப் பதிப்பாக இருந்தால், பிரெஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்'டைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறங்கள். ஏற்கெனவே அடித்த வரிகளுக்குப் பேராகிராஃப் மெனுவிலும் அதையே மாற்ற வேண்டும்.

காசு கட்ட வேண்டுமா?

வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், திறந்த உரிமம். கடை லோகோவுக்கும் போடலாம். ஃபான்ட் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

யூடியூப் தம்ப்நெயிலில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் எடுப்பாக இருக்குமா அண்ணா?

இங்கிலீஷில் செய்கிறார்களே என்று தமிழில் செய்யாதீர்கள். 'கா'வைப் பிரித்தால் க தனியாக நிற்கும், கால் அநாதையாகி 'ர' மாதிரி தெரியும். இயல்பான இடைவெளியே போதும். இரண்டு வரித் தலைப்பு என்றால் வரிகளுக்கு நடுவே கொஞ்சம் தாராளமாக விடுங்கள். இல்லாவிட்டால் மேல்வரி 'மு'வின் வால் கீழ்வரிப் புள்ளியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மொபைலில் அது வெறும் கறுப்புத் திட்டு.