மணலைப் பறிக்கும் குளவி

கேள்வி: எங்கள் தோப்பின் மணல்தரையில், கறுத்த உடலில் வெளிர்மஞ்சள் பட்டைகள் கொண்ட ஒரு பூச்சி, நாய் மண்ணைப் பறிப்பதைப் போல முன்கால்களால் மணலைப் பின்னுக்கு வாரி எறிகிறது. போகும்போது குழியை மூடிவிட்டுப் போகிறது. பிறகு ஒரு ஈயோடு வந்து, தடயமே இல்லாத அதே இடத்தைத் திறக்கிறது. இது என்ன? பிள்ளைகள் விளையாடும் இடம் என்பதால் மருந்து அடிக்க வேண்டுமா? "கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும்" என்று ஆச்சி சொல்வது இதைத்தானா?
– ஒரு வாசகி, உடன்குடி

பதில்: பாதி விடை அந்த ஈயிலேயே இருக்கிறது. மணலில் வளை தோண்டும் குளவிகளில் ஸ்ஃபெக்ஸ் வெட்டுக்கிளி இனத்தைப் பிடிக்கும். அம்மோஃபிலா புழுக்களைத் தூக்கிச் செல்லும். ஈயைத் தேடிப் போவது பெரும்பாலும் பெம்பிக்ஸ். உருப்பெருக்கி இருந்தால், மேலுதடு அலகுபோல் நீண்டிருப்பதையும், மணல் வார வசதியாக முன்கால்களில் சீப்புப் பற்கள்போல் முடிகள் வரிசையாக நிற்பதையும் பாருங்கள். உலகில் 350-க்கும் மேற்பட்ட பெம்பிக்ஸ் இனங்கள் இருப்பதால், அவற்றுள் இது எதுவென்று கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்வது முறையாகாது.

இது தனித்து வாழும் குளவி. பக்கத்திலேயே பத்து வளைகள் இருந்தாலும், ஒவ்வொன்றும் ஒரு பெண் குளவி தனியாகத் தோண்டியதுதான்; ராணியும் இல்லை, வேலைக்காரக் குளவிகளும் இல்லை. தனிக்குளவிகளில் பல, இரையை ஒரே தடவையில் நிரப்பி, முட்டையிட்டு, அறையை அடைத்துவிட்டுப் போய்விடும். பெம்பிக்ஸோ முட்டையிலிருந்து வந்த தன் புழு வளர வளர, நாள்தோறும் புதிய ஈக்களைக் கொண்டுவந்து ஊட்டுகிறது. நீங்கள் திரும்பத் திரும்பப் பார்த்த திறப்பும் மூடலும் அந்தத் தாயின் சமையற்கட்டு வேலை. வளர்ந்த புழு, மணற்பருக்கைகளைப் பட்டிழையால் ஒட்டி உறுதியான கூடு கட்டிக்கொண்டு உள்ளே அடங்கிவிடும்.

மூடிய வாசலை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஈயல்லாது தேனீயை வேட்டையாடும் வேறொரு மணற்குளவியை வைத்து, நெதர்லாந்தின் நிக்கோ டின்பெர்கன் இதைச் சோதித்தார். வளையைச் சுற்றிப் பைன் காய்களை வட்டமாக அடுக்கி, குளவி அதற்குப் பழகியபின், அது வெளியே போயிருந்த நேரத்தில் வட்டத்தைச் சற்றுத் தள்ளி வைத்தார். திரும்பி வந்த குளவி, உண்மையான வாசலை விட்டுவிட்டு வட்டத்தின் நடுவில் போய் இறங்கியது. ஆகவே சுற்றிக் கிடக்கும் சிரட்டை, மட்டை, கல் ஆகியவற்றை அடையாளமாக மனத்தில் வைத்துக்கொள்கிறது என்பது தெளிவு. பின்னாளில், 1973-இல், விலங்கு நடத்தை ஆய்வுகளுக்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். உங்கள் தோப்பிலும் நான்கு சிரட்டைகளை வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒருமுறை நகர்த்தியதும் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள், பசித்த புழு உள்ளே காத்திருக்கிறது.

மருந்து வேண்டாம். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணின் கொடுக்கு இரைக்கானது. கதண்டைப் போலக் கூட்டமாகத் துரத்தி வராது. கையில் பிடித்தாலோ வெறுங்காலால் மிதித்தாலோ கொட்டக்கூடும் என்பதால் பிள்ளைகள் செருப்போடு விளையாடட்டும்.

ஆச்சி சொல்வது, சுவரில் மண்கூடு கட்டி அதற்குள் புழுவை அடைக்கும் வேட்டுவன் குளவியை. உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி என்பதைப் பார்த்தவர்கள், இரண்டுக்கும் நடுவே இருந்த சிறு முட்டையைப் பார்க்கவில்லை. அந்தப் புழு, முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு இரையாகிவிட்டிருந்தது.