தொழில் வளர்ச்சிச் செலவு பற்றி நாடாளுமன்றத்தில் கேட்டால், அமைச்சர் தரும் பதிலை எப்படிப் படிப்பது?

ஒதுக்கீடு வேறு, செலவு வேறு என்பதை முதலில் மனதில் வையுங்கள். உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தையே பாருங்கள். 14 துறைகளுக்குச் சுமார் ரூ.1.97 லட்சம் கோடி என்று அறிவித்தார்கள். நிறுவனங்கள் உற்பத்தி, விற்பனை இலக்கை எட்டி, கணக்குக் காட்டிய பிறகுதான் பணம் போகும். ஆகவே "எவ்வளவு வழங்கப்பட்டது?" என்று கேட்டால் வரும் தொகை மிகவும் சிறியது. உறுப்பினர் "ஒதுக்கீடு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் பெரிய எண்ணே பதிலாக வரும். கேள்வியின் சொற்கள் அவ்வளவு முக்கியம்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் அவையிலேயே பதில் சொல்வார், துணைக் கேள்விகளும் எழுப்பலாம். மக்களவையில் நாளொன்றுக்கு 20 மட்டுமே பட்டியலில் வரும். மற்றவற்றுக்கு எழுத்தில்தான் பதில். ஆனால் மாநிலவாரி விவரம் பெரும்பாலும் அந்த எழுத்துப் பதிலின் இணைப்பில்தான் இருக்கும். செய்தித்தாள்கள் அதைத் தொடுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

"தகவல் திரட்டப்படுகிறது" என்று அமைச்சர் சொன்னால் அது அவைக்குத் தந்த உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்கத் தனிக் குழுவே உண்டு. பழைய பதில்களை மக்களவை இணையதளத்தில் அமைச்சகவாரியாகத் தேடலாம்.